அட்டையில் பேர் எழுதாத நோட்டு

நோட்டைப் பிரித்து மடக்கின கையோடு சண்முகவடிவுக்கு நெஞ்சு திக்கென்றது. அது கட்சிக்காரி மாரிசெல்வியின் கையெழுத்து இல்லை. மாரிசெல்விக்கு எழுத்து தண்ணி பட்ட எறும்பு மாதிரி நாலு பக்கமும் சிதறி ஓடும். இதுவோ குண்டு குண்டாக, கோட்டை விட்டு ஒரு நூல் இறங்காமல், தேதிக்கு அடியில் அடிக்கோடு வேறு போட்டு, தபாலாபீசில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்தின கை எழுதினது. 'மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னாள். ஏழரை வரை காப்பி போடாமல் காத்திருந்தேன்.' ஆத்தாடி, இது நம்ம வீட்டு மனுஷன் எழுத்துல்லா என்று நினைக்கும்போதே கண் அடுத்த தேதிக்கு இறங்கிவிட்டது. 'என்னிடம் சாட்சியிடம் பேசுவது போலப் பேசுகிறாள். காஸ் புக் பண்ணியாச்சா என்றாள். நான் விவரம் சொல்ல ஆரம்பித்தேன். ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க என்றாள்.' படக்கென்று நோட்டை மூடி, கறுப்பு அங்கிக்குள்ளே இடுக்கிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பாளையங்கோட்டை குடும்பநலக் கோர்ட்டு வராந்தாவில் அந்த நேரத்துக்கு யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள்? மாமியார்கள் ஒரு பெஞ்சு, சம்பந்திமார் எதிர் பெஞ்சு, நடுவில் ஒரு பிள்ளை முறுக்கைத் தின்றுகொண்டு இரண்டு பக்கத்துக்கும் போய்ப் போய் வருகிறது. ஐப்பசி மூட்டம், மணி பதினொன்றரை. மாரிசெல்வி கேஸைக் கூப்பிட இன்னும் ஒன்பது கேஸ் கிடக்கிறது.

இந்த நோட்டு விவகாரம் என்னவென்றால், வடிவு வக்கீலம்மாவிடம் விவாகரத்து என்று யார் வந்து நின்றாலும் முதல் நாள் கதை கேட்கமாட்டாள். வீட்டு முன்னறை ஆபீஸ் அலமாரியில் டஜன் கணக்கில் அடுக்கி வைத்திருக்கிற பழுப்பு அட்டை நோட்டில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, போ, வீட்டுல போய்த் தேதி போட்டு எழுதிட்டு வா, அழுகையெல்லாம் எனக்கு வேண்டாம், தேதிதான் வேணும் என்று அனுப்பிவிடுவாள். இடது பக்கம் குறை, வலது பக்கம் நல்லது. நல்லது எதுக்கு வக்கீலம்மா, நல்லது இருந்தா நான் ஏன் இங்க வாரேன் என்று எல்லோரும் கேட்பார்கள். அட கூறுகெட்டவளே, கூண்டுல ஏத்தி எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பான்லா, ஒன்னையக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனானா இல்லையா, டைபாய்டு வந்தப்ப ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா உக்காந்திருந்தானா இல்லையான்னு கேப்பான், அப்ப நீ முழிக்கப்படாது, எனக்கு முன்னாடியே தெரியணும் என்பாள். கேஸ் விழுவது இடப்பக்கத்தால் இல்லை, வலப்பக்கத்தால்தான், இது அவள் கண்ட பாடம். இன்னொரு கட்டளையும் உண்டு: அட்டையில பேர் எழுதாதே. மாமியார் கண்ணில் பட்டால் வம்பு. கேஸ் முடிகிற அன்றைக்கு நோட்டை அவரவர் கையில் திருப்பிக் கொடுத்து, ஆத்துல விடு, அடுப்புல போடு, உன் இஷ்டம் என்பாள். அப்படி இன்றைக்கு மாரிசெல்விக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் காலையில் அவசர அவசரமாக அலமாரியின் மேலே கிடந்த நோட்டைக் கேஸ்கட்டில் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். பேர் இல்லாத அட்டை. எல்லாம் ஒரே பழுப்பு. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

நான் என்ன இதுக்கா வக்கீலுக்குப் படிச்சேன் என்று மனசு எங்கோ போய் முட்டியது. கிரிமினல் கேஸ்தான் ஆசை. கொலைக் கேஸில் நின்று, கத்தியைக் கையில் தூக்கிக் காட்டி, கனம் கோர்ட்டார் அவர்களே என்று முழங்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகினவள். சீனியர் ஆழ்வாரப்பனிடம் போய்ச் சேர்ந்தால், அவர் பல்லுக்குத்திக்கொண்டே, பொம்பளை கேஸெல்லாம் நீ பாத்துக்கிடுளா, அதுக அழுதா எனக்கு என்ன செய்யன்னு தெரியமாட்டேங்கு என்று ஒரு கட்டை இவள் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். முதல் கேஸ் ஒரு தையல் மெஷின். புருஷன் வேண்டாம், பாத்திரம் பண்டம் வேண்டாம், என் மெஷினை மட்டும் வாங்கித் தாங்க என்று ஒரு பொம்பளை வந்து நின்றாள். அதை வாங்கி, ஆட்டோவில் ஏற்றி, அவள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்த அன்றைக்குக் கொலைக் கேஸ் ஆசை போய்விட்டது. அப்புறம் முப்பது வருஷம் என்னென்ன பார்த்தாச்சு. கல்யாண ஆல்பத்தை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போட்டவர்கள், நாய்க்குட்டிக்கு வாரம் ஒரு நாள் பார்க்க அனுமதி கேட்டவர்கள், தீர்ப்பு வாங்கின கையோடு கேண்டீனில் ஒன்றாகப் பஜ்ஜி தின்றவர்கள். டாக்டருக்குக் காய்ச்சல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், டாக்டருக்கு மட்டும்தான் தெரியாது. வீட்டுக்கு வந்தால் புருஷனுக்கு இதையெல்லாம் கதையாகச் சொல்வாள், பேர் மட்டும் சொல்லமாட்டாள். அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே, அப்புறம் அவன் என்ன சொன்னான், அப்புறம் அவ என்ன சொன்னா என்று கேட்பார். எப்போது அதை நிறுத்தினோம்? அவர் கேட்பதை நிறுத்தினாரா, இவள் சொல்வதை நிறுத்தினாளா? இதற்குத் தேதி போட முடியவில்லை. தேதி இல்லாத குற்றச்சாட்டு செல்லாது என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறாள்.

அங்கிக்குள்ளே நோட்டு உறுத்தியது. இன்னொரு தேதி பார்த்தால் என்ன? நாற்பது பக்க நோட்டை எப்போதும் போல முதுகுப் பக்கமாக மடக்கிப் பிடித்தாள். அது கைப்பழக்கம், ஒரு கையில் கேஸ்கட்டு, மறு கையில் மடக்கின நோட்டு, இடப்பக்கம் மட்டும் தெரியும், முதல் வாசிப்புக்கு அதுதான் வேண்டும். 'கோமதி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டாளாம். நல்லாத்தான் இருக்காருன்னு சொன்னாளாம். எனக்கு அன்று நூற்றிரண்டு காய்ச்சல்.' பொய்யில்லை. மகளிடம் அப்படித்தான் சொன்னாள். காய்ச்சல் என்று சொன்னால் பிள்ளை பதறி பஸ் ஏறிவிடும் என்றுதான் அப்படிச் சொன்னது, ஆனால் அவரிடம் அந்தக் காரணத்தை யார் சொன்னார்கள்? 'பணி ஓய்வு விழா. எல்லோரும் குடும்பத்தோடு மேடையில். என் பக்கத்து நாற்காலி காலி.' அடக் கடவுளே, அன்றைக்குக் கோர்ட்டில் ஒரு பிள்ளையை அப்பன் தூக்கிக்கொண்டு போய்விட்டானென்று அவசர மனு, எப்படி நேரத்துக்கு வர முடியும், சொல்லத்தான் செய்தாளே. சொன்னாளா? மறுபடி மூடினாள். முந்தாநாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவர் ரொம்ப நிதானமாக, ஒரு நா சாவகாசமாப் பேசணும் வடிவு என்றார். ஞாயித்துக்கெழம பாப்போம் என்றாள், கட்சிக்காரருக்குத் தேதி கொடுக்கிற மாதிரி. இப்போதுதான் அதன் அர்த்தம் விளங்குகிறது. ஏனென்றால் இந்தத் தொழிலில் ஒன்று தெரியும்: சத்தம் போடுகிறவன் கேஸ் போடமாட்டான், தட்டை விட்டெறிகிறவன் போடமாட்டான், தேதி போட்டு எழுதுகிறவன்தான் போடுவான். போன வருஷம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அறுபத்திரண்டு வயதில் வந்து உட்கார்ந்து, இனிமேலாவது ஒரு வீட்டுல நிம்மதியா இருந்துட்டுச் சாவணும்மா என்றார். இவள்தான் மனு எழுதினாள். அந்த அம்மா கூண்டில் நின்று, எனக்கு ஒண்ணுமே தெரியாதே, நல்லாத்தானே இருந்தோம் என்று சொன்னபோது, இது என்ன பொம்பளை, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இதுகூடவா தெரியாம இருக்கும் என்று வடிவு மனசுக்குள் ஏளனமாகக்கூட நினைத்தாள். இப்போது யாராவது இவளைக் கூண்டில் ஏற்றினால் என்ன சொல்வாள்? எனக்கு ஒண்ணுமே தெரியாதே, நல்லாத்தானே இருந்தோம். இருபது ரூபாய்ப் பொருள் வாங்கினாலும் பில்லைச் சரிபார்க்கிற மனுஷன், இந்த அலமாரி நோட்டை எடுக்கும்போது என்ன நினைத்திருப்பார்? வேறு யாரிடம் போவார், ஊரில் நல்ல குடும்பநல வக்கீல் என்று கேட்டால் எல்லோரும் இவள் பேரைத்தானே சொல்வார்கள் என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்து, சிரிப்பும் வந்து, கண்ணும் கலங்கிவிட்டது. ஆவுடையப்பன் என்ற அவர் பேருக்கு முன்னால் மனுதாரர் என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். உடனே அடித்துவிட்டாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தானேதான் சொன்னாள். அப்போது அவர் ரிட்டயர் ஆக இன்னும் மூன்று மாசம் இருந்தது. ராத்திரி இவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே, ஏ வடிவு, ஒன்னோட எனக்கு நெறைய மனத்தாங்கல் இருக்கு பாத்துக்கோ என்று ஆரம்பித்தார். அன்றைக்கு ஆறு கேஸ், தலைவலி. வாயால சொன்னா எந்தக் கோர்ட்டும் ஏத்துக்கிடாது, தேதி போட்டு எழுதி வையுங்க, பாப்போம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவரிடம் ஒன்றை வேடிக்கையாகச் சொல்ல முடியுமா? பின்கோடு ஒரு எண் தப்பினால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக விசாரிக்கிற மனுஷன். எழுது என்றால் எழுதிவிடுவார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால் இதுதான். இரண்டு வருஷமாக ஒரு மனுஷன் பக்கத்து அறையில் உட்கார்ந்து மனத்தாங்கலை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார், இவள் அடுத்தவர் நோட்டைப் படித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். போன் போட்டுக் கேட்டுவிடலாமா? என்னவென்று கேட்பது, எப்ப தாக்கல் பண்ணப் போறியன்னா? கோர்ட்டு டவாலி வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாரிசெல்வி... உச்சிமாகாளி..." என்று மூன்று தடவை கூவியது ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது போலிருந்தது. மாரிசெல்வி வந்து முழங்கையைத் தொட்டு, "வக்கீலம்மா, நம்மளத்தான்" என்ற பிறகுதான் கால் நகர்ந்தது.

உள்ளே ஐந்து நிமிஷ வேலை. இரண்டு பேரும் சம்மதித்துப் போட்ட மனு, ஆறு மாசம் பொறுத்து வரச் சொன்னார்கள், பொறுத்து வந்துவிட்டார்கள். நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, யாரும் வற்புறுத்தலியே, சொந்த விருப்பம்தானே என்று கேட்டார். மாரிசெல்வி, ஆமாய்யா என்றாள். போர்வெல் லாரியில் வேலை பார்க்கிற உச்சிமாகாளி, மண்ணு ஒட்டின நகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமா என்றான். முடிந்தது. வெளியே வந்ததும் அவன் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "மழ வரும்போல இருக்கு, கொட கொண்டாந்தியா?" என்று கேட்டான். "இருக்கு" என்றாள் மாரிசெல்வி. அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றவள், இந்தப் பக்கம் திரும்பி, "என் நோட்டு கொண்டாந்தியளா வக்கீலம்மா?" என்றாள்.

"மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்மா. நாளைக்கு ஆபீசுக்கு வா, தாரேன். அடுப்புல போடுதியா, ஆத்துல விடுதியா?"

"இடது பக்கத்தை நீங்களே கிழிச்சிப் போட்டுருங்க. எனக்கு வேண்டாம். வலது பக்கத்துல நாலே நாலு எழுதியிருந்தேன். அத மட்டும் தாங்க, நான் வச்சுக்கிடுதேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் குடையைப் பிரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். வடிவு வக்கீலம்மா படியிலேயே குத்துக்கல்லு மாதிரி நின்றாள். வலப்பக்கம். அடி என் கூறுகெட்ட புத்தியே, முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னியே, உன் கேஸுன்னதும் மறந்துட்டியே. சுவர் ஓரமாகக் கிடந்த உடைந்த பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிக்குள்ளிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்து, மடக்காமல் விரித்தாள். விரிக்கும்போது காலியாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம் வந்தது. எத்தனை நோட்டு பார்த்திருக்கிறாள், முக்கால்வாசிக்கு வலப்பக்கம் வெள்ளையாகத்தான் கிடக்கும். காலியாக இல்லை. ஏழரை வரை காப்பி போடாமல் காத்திருந்த தேதிக்கு நேரே வலது பக்கத்தில் ஒற்றைச் சொல்: 'வந்தாள்.' சாட்சியிடம் பேசுவது போலப் பேசின தேதிக்கு நேரே, 'வந்தாள்.' அதற்கடுத்ததற்கும் அதேதான். பக்கம் பக்கமாகத் தபால் முத்திரை குத்தினது போல வந்தாள், வந்தாள், வந்தாள். இரண்டு மூன்று இடத்தில்தான் கூடுதலாக இருந்தது. காய்ச்சல் தேதிக்கு நேரே, 'வந்தாள். இரவில் எழுந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாள்.' விழா நாளுக்கு நேரே, 'கடைசிப் பந்திக்குள் வந்துவிட்டாள். அங்கியோடு வந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.' ஒரு இடத்தில், 'வந்தாள். ஆனால் பேசவில்லை.' மதுரை ஹைகோர்ட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கின தேதிகளுக்கு நேரே ஒன்றுமே இல்லை, அந்த மூன்று வரி மட்டும் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழட்டும் அழட்டும், ஊரார் அழுகையை எல்லாம் பேப்பரில் படித்த கண்ணுதானே. கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி. இடப்பக்கம், 'நாலு இட்லி வைத்தேன். ஒன்றைத்தான் சாப்பிட்டாள். மீதிக்கு நேரமில்லை என்றாள்.' வலப்பக்கம் இன்னும் எழுதவில்லை.

மத்தியானத்துக்கு இரண்டு கேஸ் இருந்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த சக வக்கீல் ஒருத்தியை மறித்து, "ஏளா, எனக்கு ரெண்டுலயும் வாய்தா வாங்கிரு" என்றாள். அவள், "என்னக்கா, நீங்களா வாய்தா கேக்கிய, ஒடம்புக்கு என்ன?" என்று வாயைப் பிளந்தாள். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல ஒரு கேஸு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்ன வடிவு, இந்நேரத்துக்கு?"

"வீட்டுல ஏதும் சாமான் காணாமப் போச்சா?"

அந்தப் பக்கம் மேஜை இழுப்பறையை மூடுகிற சத்தம் கேட்டது.

"ஒரு நோட்டு" என்றார். "ஞாயித்துக்கெழம காட்டலாம்னு வச்சிருந்தேன். காலையில நீ சேலை மாத்தப் போனப்ப எழுதி அலமாரி மேல வச்சது, அதுலேருந்து தேடுதேன்."

"எங்கிட்டதான் இருக்கு."

"படிச்சிட்டியா?"

"படிச்சேன்."

"எந்தப் பக்கம்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டும்" என்றாள்.

"சரி, நீ வக்கீலு, நீயே சொல்லு. கேஸு நிக்குமா?"

"நிக்காது. இம்புட்டு வலப்பக்கத்த வச்சுக்கிட்டு எந்தக் கோர்ட்டுலயும் போய் நிக்க முடியாது. ஆனா இடப்பக்கத்துல ஒண்ணுகூடப் பொய்யில்லைங்க. அத நான் ஒத்துக்கிடுதேன்."

தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வடிவு நோட்டை நனையாமல் அங்கிக்குள்ளே வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"இட்லி மிச்சம் இருக்கா?"

"மூணு இருக்கு."

"எடுத்து வையுங்க. பேனாவையும் எடுத்து வையுங்க. வாரேன்."